யோசனைக்கு நான்கெல்லை

1856 மார்ச் 3. கல்கத்தாவில் வெயில் ஏறத் தொடங்கும் மாதம். கிராண்ட்ஸ் லேன் 7ஆம் எண்ணில் இருந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற சிவில் இன்ஜினியர் இந்திய அரசுக்கு ஒரு மனு போட்டார். தான் கண்டுபிடித்த எந்திரம் ஒன்றின் மீது தனக்கு மட்டுமே உரிமை வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்த எந்திரத்தின் வேலை, பங்கா இழுப்பது.

பங்கா என்பது கூரையிலிருந்து தொங்கும் நீண்ட மரச்சட்டம். அதன் அடியில் துணி கட்டியிருக்கும். சட்டத்தில் கட்டிய கயிறு சுவரிலுள்ள ஓட்டை வழியே வராந்தாவுக்குப் போகும். அங்கே ஓர் ஆள் உட்கார்ந்து கயிற்றை இழுப்பார், விடுவார், மறுபடி இழுப்பார். துரை சாப்பிடும்போதும் கோப்பு பார்க்கும்போதும் தூங்கும்போதும் இழுக்க வேண்டும். கை ஓய்ந்தால் கயிற்றைக் காலில் கட்டிக்கொண்டு, படுத்தபடியே ஆட்டுவதும் உண்டு. டிபென்னிங் அந்த ஆளின் தசைக்குப் பதிலாக எந்திரத்தை வைக்கப் பார்த்தார். அந்த வகையில் இந்தியாவின் முதல் காப்புரிமை ஓர் எரிசக்திக் காப்புரிமை. எரிந்துகொண்டிருந்தது மனித உடம்பு.

புதிய கண்டுபிடிப்புகளுக்குத் தனியுரிமை தரும் சட்டம் அப்போதுதான் பிறந்திருந்தது. பிப்ரவரி 28இல் சட்டம், நான்கே நாளில் மனு. செப்டம்பர் 2ஆம் தேதி டிபென்னிங் எந்திரத்தின் முழு விவரத்தையும் படங்களோடு சமர்ப்பித்தார். ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டே அந்தச் சட்டம் ரத்தாயிற்று. பிரிட்டிஷ் முடியரசின் ஒப்புதல் பெறாமல் இயற்றிவிட்டார்கள் என்பது காரணம். 1859இல் ஒப்புதலோடு மறுபடி ஒரு சட்டம் வந்தது.

நிலம் வாங்குகிறவர் பத்திரத்தில் முதலில் தேடுவது நான்கெல்லையை. வடக்கே இன்னார் புஞ்சை, தெற்கே வண்டிப்பாதை, கிழக்கே வாய்க்கால் என்று எழுதியிருந்தால்தான் நிலம் எது என்று தெரியும். காப்புரிமையும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு யோசனையைச் சுற்றி எழுத்தால் எல்லை போட்டு, இதற்குள் வேறு யாரும் வரக்கூடாது என்று அரசு முத்திரை வைக்கிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள். அந்தத் தொழில் தெரிந்த எவரும் படித்துச் செய்துகொள்ளும் அளவுக்கு ரகசியத்தை எழுதிக்கொடுக்க வேண்டும். கெடு முடிந்ததும் நிலம் ஊர்ப் பொதுவாகிவிடும்.

ஏட்டில் இது எளிமையாக இருக்கிறது. எல்லை எதுவரை, முதலில் உழுதது யார், கெடு எத்தனை ஆண்டு என்ற மூன்று கேள்விகளும் வந்ததும் வரப்புத் தகராறு தொடங்கிவிடும். நீராவி எந்திரமும் மோட்டார் காரும் மின்விளக்கும் கணினியும் இந்தத் தகராறுகளுக்கு நடுவேதான் வளர்ந்தன.

மூழ்கிய படகும் ராணியின் உப்பும்

பழைய காப்புரிமைகளில் பெயர்பெற்றது 1421இல் ஃபிளாரன்ஸ் நகரம் கொடுத்தது. அங்குள்ள பேராலயத்தின் மாபெரும் கவிமாடத்தைக் கட்டிய ஃபிலிப்போ புருனெல்லெஸ்கி, ஆர்னோ ஆற்றில் பளிங்குக் கல்லை மலிவாக ஏற்றிவர ஒரு படகைத் திட்டமிட்டார். யாராவது காப்பியடித்துவிடுவார்கள் என்று பயந்து அதைக் காட்ட மறுத்தார். நகரம் இறங்கிவந்து மூன்று ஆண்டுகளுக்குத் தனியுரிமை தந்தது. படகு பிற்பாடு பளிங்குச் சுமையோடு ஆற்றில் மூழ்கியது. காப்புரிமை இருந்தால் பொருள் நன்றாக வேலைசெய்யும் என்று அர்த்தமில்லை என்பதற்கு அன்றே சாட்சி கிடைத்துவிட்டது.

1474இல் வெனிஸ் அதைப் பொதுச் சட்டமாக்கியது. புதிய கருவி செய்தவர் பதிவு செய்தால் 10 ஆண்டுகளுக்கு வேறு யாரும் அதைச் செய்யக்கூடாது.

இங்கிலாந்தில் கதை வேறு பக்கம் போயிற்று. முதலாம் எலிசபெத் ராணி உப்பு, கஞ்சிப்பசை, சீட்டுக்கட்டு போன்ற அன்றாடப் பொருள்களின் ஏகபோகத்தையெல்லாம் வேண்டியவர்களுக்குக் கொடுத்தார். அவற்றில் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை, சலுகை மட்டுமே இருந்தது. மக்கள் கொதித்தார்கள். 1624இல் நாடாளுமன்றம் ஏகபோகங்களை ஒழித்தது; புதிய கண்டுபிடிப்புக்கு மட்டும் விலக்கு, அதுவும் 14 ஆண்டுகளுக்கு. தொழில் பழகும் பையன் ஒரு ஆசானிடம் ஏழு ஆண்டு இருப்பது வழக்கம். இரண்டு தலைமுறைச் சீடர்கள் பழகி வெளியே வரும் காலம்தான் அந்த 14.

வாட் போட்ட வேலி

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட்டிடம் 1763-64 குளிர்காலத்தில் நியூகமன் எந்திரத்தின் சிறிய மாதிரி ஒன்று ரிப்பேருக்கு வந்தது. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்க 1712 முதல் இங்கிலாந்தில் ஓடிக்கொண்டிருந்த எந்திரம் அது. சிலிண்டருக்குள் நீராவியை விடுவார்கள். பிறகு உள்ளேயே குளிர்ந்த நீரைப் பீச்சுவார்கள். ஆவி நீராகச் சுருங்கும், உள்ளே வெற்றிடமாகும், வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். கோளாறு என்னவென்றால், ஒவ்வொரு அடிக்கும் சிலிண்டர் முழுதும் குளிர்ந்து, மறுபடி சூடாக வேண்டியிருந்தது. நிலக்கரியில் பெரும்பங்கு இரும்பைச் சூடேற்றுவதிலேயே கரைந்தது.

1765 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோவின் புல்வெளியில் நடந்துபோனபோது வாட்டுக்கு வழி புலப்பட்டது. ஆவியைத் தனியாக ஒரு பாத்திரத்துக்கு இழுத்து அங்கே குளிரவைத்தால் சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்குமே! 1769 ஜனவரி 5ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. எந்திரம் கிடைக்கத்தான் நாளாயிற்று. காற்றுப் புகாத அளவுக்குச் சுத்தமாகச் சிலிண்டரைக் கடைய அன்றைய பட்டறைகளுக்குத் தெரியவில்லை. முதலீடு செய்த ஜான் ரோபக் திவாலானார். அவருடைய பங்கை பர்மிங்ஹாம் ஆலை முதலாளி மேத்யூ போல்டன் வாங்கினார். 14 ஆண்டில் ஆறு ஆண்டுகள் வீணாகிவிட்ட நிலையில், 1775இல் இருவரும் நாடாளுமன்றத்தைப் பிடித்துக் காப்புரிமையை 1800 வரை நீட்டிக்கொண்டார்கள்.

இவர்களின் வியாபார முறை புதுமையானது. எந்திரத்துக்கு ஒரு விலை என்று சொல்லி விற்கவில்லை. பழைய எந்திரம் எவ்வளவு நிலக்கரி தின்றிருக்கும், புதியது எவ்வளவு தின்கிறது என்று கணக்கிட்டு, மிச்சமாகும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்டார்கள். நிலக்கரிச் சுரங்கங்களில் இந்தக் கணக்கு எடுபடவில்லை. அங்கே கரி காலடியில் கிடந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலில் எடுபட்டது. அங்கே தாமிரமும் வெள்ளீயமும் உண்டு, நிலக்கரி இல்லை. வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். கரி விலை ஏறிய இடத்தில் வாட் எந்திரமும் ஏறியது.

வேலி போட்டவரையே அடுத்தவர் வேலி தடுத்த வேடிக்கையும் நடந்தது. மேலும் கீழும் போகும் பிஸ்டனின் அசைவைச் சக்கரத்தின் சுழற்சியாக மாற்றினால் ஆலைகளை ஓட்டலாம். அதற்கு கிராங்க் போதும். சாணைக்காரர் மிதித்து ஓட்டும் சக்கரத்தில் நூற்றாண்டுகளாக இருக்கும் அதே அமைப்புதான். ஆனால் ஜேம்ஸ் பிக்கார்ட் என்ற பர்மிங்ஹாம்காரர் 1780இல் நீராவி எந்திரத்தில் கிராங்க் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். வாட் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. ஒரு பல்சக்கரத்தை இன்னொரு பல்சக்கரம் சூரியனைக் கோள் சுற்றுவதுபோலச் சுற்றிவரும் அமைப்புக்கு 1781இல் காப்புரிமை எடுத்தார். அதை உருவாக்கியதில் அவரிடம் வேலை பார்த்த வில்லியம் முர்டாக்குக்குப் பெரிய பங்குண்டு. பிக்கார்டின் கெடு முடிந்ததும் எல்லோரும் எளிய கிராங்குக்கே திரும்பினார்கள். அற்புதமான அந்தக் கோள் சக்கரம், அடுத்தவர் வயலைச் சுற்றிப்போக வெட்டிய பாதை.

கார்ன்வால் எஞ்சினியர்கள் வாட்டின் வேலியில் அடிக்கடி மோதினார்கள். எட்வர்ட் புல், ஜோனதன் ஹார்ன்புளோவர் இருவர் மீதும் வழக்கு பாய்ந்தது. அங்கே வாட்டின் பழைய தந்திரம் ஒன்று அவரையே திருப்பிப் பிடித்தது. 1769 ஆவணத்தில் அவர் ஒரு படம்கூட வரையவில்லை. நீராவிச் செலவைக் குறைக்கும் ‘முறை’ என்று பொதுவாக எழுதியிருந்தார். எல்லை மங்கலாக இருந்தால் நிலம் பெரிதாகத் தெரியும் அல்லவா? எதிர்வக்கீல்கள் அதைத்தான் கேட்டார்கள்: இது எந்திரத்துக்கான உரிமையா, இயற்கையின் தத்துவத்துக்கான உரிமையா? 1795இல் நான்கு நீதிபதிகள் இரண்டுக்கு இரண்டு எனப் பிரிந்தார்கள். 1799இல் வேறு நீதிமன்றம் வாட் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அப்போது மிச்சமிருந்தது ஒரே ஆண்டு.

1800இல் கெடு முடிந்தது. போல்டன்-வாட்டின் ஆட்கள் கார்ன்வாலை விட்டுக் கிளம்பினார்கள். உடனே சொர்க்கம் திறந்துவிடவில்லை. பராமரிக்க ஆளில்லாமல் எந்திரங்களின் திறன் முதலில் சரிந்தது. 1811இல் ஜோயல் லீன் என்ற சுரங்க மேற்பார்வையாளர் ஒரு காரியம் தொடங்கினார். எந்தச் சுரங்கத்தில் எந்த எந்திரம் எவ்வளவு கரிக்கு எவ்வளவு தண்ணீர் இறைத்தது என்ற கணக்கை, எஞ்சினியர் பெயரோடு மாதாமாதம் வெளியிட்டார். ஒருவர் செய்த மாற்றத்தை அடுத்த மாதமே எல்லோரும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம், மேலே கொண்டுபோகலாம். அதே ஊர்க்காரரான ரிச்சர்ட் டிரெவிதிக் காட்டிய உயர் அழுத்த நீராவி அங்கே வேரூன்றியது. வாட் அதை ஆபத்து என்று ஒதுக்கியவர். ஒரு புஷல், அதாவது சுமார் 43 கிலோ நிலக்கரியை எரித்து, எத்தனை பவுண்டு தண்ணீரை ஓரடி உயர்த்த முடியும் என்பது அவர்களின் அளவுகோல். வாட்டின் நல்ல எந்திரங்கள் சுமார் 2 கோடி பவுண்டு காட்டின. 1835இல் ஃபோவி கன்சால்ஸ் சுரங்கத்தில் நடந்த ஒரு சோதனையில் அந்த எண் 12 கோடியைத் தாண்டியது.

வாட்டின் வேலி இல்லாதிருந்தால் இது 20 ஆண்டு முன்பே நடந்திருக்கும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். வேலி இல்லாதிருந்தால் போல்டன் காசு இறக்கியிருக்கவே மாட்டார் என்று மறுசாரார். பொருளாதார வரலாற்றாசிரியர்கள் இன்றும் இதில் சமாதானமாகவில்லை.

ஓட்டாத காரும் சுற்றிவளைத்த விளக்கும்

நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரில் ஜார்ஜ் செல்டன் என்று ஒரு காப்புரிமை வக்கீல் இருந்தார். 1879 மே 8ஆம் தேதி, பெட்ரோலியத்தால் ஓடும் வண்டிக்கு விண்ணப்பித்தார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன், பிற்காலத்தில் கோடாக் கம்பெனி தொடங்கியவர். அமெரிக்கச் சட்டப்படி அன்று 17 ஆண்டுக் கெடு, காப்புரிமை வழங்கிய நாளிலிருந்துதான் எண்ணப்படும். எனவே சீக்கிரம் வாங்கினால் சீக்கிரம் தீர்ந்துபோகும். செல்டன் விண்ணப்பத்தில் திருத்தத்துக்கு மேல் திருத்தம் போட்டு 16 ஆண்டுகள் இழுத்தடித்தார். அதற்குள் 1886இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கி, அதைத் தெருவில் ஓட்டியும் காட்டிவிட்டார். செல்டனின் கையில் 1895 நவம்பர் 5ஆம் தேதி காகிதம் வந்தது. அதுவரை அவர் ஒரு முழு வண்டியைக்கூடக் கட்டியிருக்கவில்லை.

ஆனாலும் 1903இல் கார் கம்பெனிகள் பல ஒரு சங்கமாகக் கூடி, ஒவ்வொரு காரின் விலையிலும் 1.25 சதவீதம் கட்ட ஒத்துக்கொண்டன. கட்ட மறுத்தவர் ஹென்றி ஃபோர்டு. வழக்கு எட்டு ஆண்டு நடந்தது. காகிதத்தில் உள்ள வண்டி ஓடும் என்று நிரூபிக்க வழக்குக்காகவே செல்டன் கார்களைச் செய்தார்கள்; அவை திக்கித் திணறி ஓடின. 1909இல் ஃபோர்டு தோற்றார். 1911 ஜனவரி 9ஆம் தேதி மேல்முறையீட்டில் தீர்ப்பு தலைகீழானது. காப்புரிமை செல்லும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால் அதன் எல்லை பிரேட்டன் வகை எஞ்சினோடு நின்றுவிடுகிறது, ஃபோர்டும் மற்றவர்களும் பயன்படுத்துவது ஓட்டோ வகை, எனவே அத்துமீறல் இல்லை. செல்டனின் நிலம் அவரிடமே இருந்தது. அதன் வழியாக யாரும் போகவில்லை, அவ்வளவுதான்.

மின்விளக்கில் எல்லையைத் தாண்டாமலே வெற்றி பெற்ற கதை உண்டு. 1893இல் நடந்த சிகாகோ உலகக் கண்காட்சிக்கு விளக்கேற்றும் ஒப்பந்தத்தை ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் எடுத்தார். நிகோலா டெஸ்லாவின் மாறுமின்னோட்டக் காப்புரிமைகள் அவர் கையில் இருந்தன. விளக்கு மட்டும் எடிசன் தரப்பின் காப்புரிமைக்குள் சிக்கியிருந்தது. அது ஒரே துண்டாக ஊதி மூடிய கண்ணாடிக் குமிழைக் காத்தது. வெஸ்டிங்ஹவுஸ் இரண்டு துண்டில் செய்தார்: ஒரு குமிழ், அதில் செருகும் கண்ணாடித் தக்கை. சீசாவுக்கு மூடி போடுவது போலத்தான். நீடித்து உழைக்காத விளக்கு; அடிக்கடி கழற்றி மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் அந்தத் தக்கை விளக்குகள் இலட்சக்கணக்கில் எரிந்து கண்காட்சியைப் பகலாக்கின. மாறுமின்னோட்டத்துக்கு அது பெரிய விளம்பரம்.

பூட்டி வைத்த அணு

ரகசியத்தை எழுதிக்கொடு, உரிமையை வாங்கிக்கொள் என்பதுதானே ஒப்பந்தம்? அணுசக்தியில் அந்த ஒப்பந்தம் உடைந்தது. ஹங்கேரியில் பிறந்த லியோ சிலார்டு, 1933இல் லண்டன் தெருவொன்றைக் கடக்கும்போது அணுத் தொடர்வினை பற்றி யோசித்தார். 1934இல் பிரிட்டனில் விண்ணப்பித்தார். விஷயம் வெளியே போனால் விபரீதம் என்று பயந்து, 1936இல் அந்த உரிமையைப் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்துக்கு எழுதிவைத்தார். ரகசியம் காக்கத் தெரிந்த அலுவலகம் அது. ஆவணம் 1949இல்தான் வெளியானது.

1942 டிசம்பர் 2இல் சிகாகோவில் முதல் அணு உலை இயங்கியது. என்ரிகோ ஃபெர்மியும் சிலார்டும் பெயர் போட்ட அணு உலைக் காப்புரிமைக்கு 1944 டிசம்பரில் விண்ணப்பித்தார்கள். 1955 மே மாதம்தான் அது வழங்கப்பட்டது. ஃபெர்மி அதற்கு ஆறு மாதம் முன்பே இறந்துவிட்டார். உரிமை அமெரிக்க அரசிடம் போயிற்று.

கணினிக்கு உரிமையாளர் இல்லை

1946 பிப்ரவரியில் ஃபிலடெல்பியாவில் எனியாக் என்ற எந்திரத்தை உலகத்துக்குக் காட்டினார்கள். எடை சுமார் 30 டன். ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள். பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்று கணக்கிட அமெரிக்க ராணுவம் பணம் கொடுத்தது. கட்டியவர்கள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜான் மாக்லி, பிரெஸ்பர் எக்கர்ட். அடுத்த மாதமே இருவரும் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார்கள். கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு என்பதில்தான் மனக்கசப்பு.

1947 ஜூன் 26இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அடுத்தடுத்து எதிர்வாதங்கள். 1964 பிப்ரவரி 4இல்தான் கிடைத்தது. அதற்குள் உரிமை கைமாறி ஸ்பெரி ராண்ட் கம்பெனிக்குப் போயிருந்தது. செல்டனின் கணக்கை இங்கேயும் போட்டுப் பார்க்கலாம்: 1964லிருந்து 17 ஆண்டு என்றால் 1981. எனியாக்கின் காலத்தில் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்க கணினிகளே இருந்தன. 1964இல் அது பெரிய தொழில். ஒவ்வொரு கம்பெனியும் ஸ்பெரிக்குக் கப்பம் கட்ட வேண்டிய நிலை வந்தது. ஐ.பி.எம். மட்டும் 1956லேயே ஸ்பெரியோடு காப்புரிமைகளைப் பரிமாறிக்கொண்டு ஒதுங்கியிருந்தது.

1967 மே 26ஆம் தேதி ஹனிவெல் கம்பெனி மினியாபொலிஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அதே நாளில் ஸ்பெரி தரப்பு வாஷிங்டனில் வழக்குப் போட்டது. சில நிமிடங்கள் பிந்திவிட்டதால் விசாரணை மினியாபொலிஸுக்கே போயிற்று. 1971 ஜூனில் விசாரணை தொடங்கியது. 135 நாள் நடந்தது. அங்கேதான் அதுவரை யாரும் பெரிதாகக் கேள்விப்படாத ஒரு பெயர் எழுந்தது: ஜான் அட்டனசாஃப்.

அயோவா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். 1939 முதல் 1942 வரை, கிளிஃபர்ட் பெர்ரி என்ற மாணவரோடு சேர்ந்து கல்லூரிக் கட்டடத்தின் நிலவறையில் மின்னணுக் கணக்கிடு கருவி ஒன்றைக் கட்டினார். சுமார் 300 குழாய்கள். 29 தெரியாக் கணியங்கள் வரை உள்ள சமன்பாடுகளைத் தீர்க்கும் திட்டம். 1941 ஜூனில் மாக்லி அவர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து சில நாள் தங்கினார். கருவியைப் பார்த்தார், அதைப் பற்றிய எழுத்துப் பிரதியைப் படித்தார். பிறகு போர் வந்தது. அட்டனசாஃப் கடற்படை ஆய்வகத்துக்குப் போனார். கல்லூரி சார்பில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை. இடம் தேவைப்பட்டபோது கருவியைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள்.

நீதிபதி எர்ல் லார்சன் 1973 அக்டோபர் 19ஆம் தேதி எனியாக் காப்புரிமை செல்லாது என்றார். காரணங்களில் ஒன்று அட்டனசாஃப்: மின்னணுக் கணினியின் அடிப்படைக் கருத்தை மாக்லி அங்கிருந்து பெற்றார் என்பது தீர்ப்பு. மற்றவை காலண்டர் சார்ந்தவை. விண்ணப்பத்துக்கு ஓராண்டுக்கு முன்பே கண்டுபிடிப்பு பொதுப் பயன்பாட்டுக்கோ அச்சுக்கோ வந்திருந்தால் உரிமை போச்சு. எனியாக் 1945 டிசம்பரிலேயே லாஸ் அலமோஸ் அணு விஞ்ஞானிகளின் கணக்கைப் போட்டிருந்தது. போதாததற்கு ஜான் வான் நாய்மன் 1945 ஜூனில் எழுதிய கணினி வடிவமைப்பு அறிக்கையின் பிரதிகள் பலர் கைக்குப் போயிருந்தன. அதையும் வெளியீடாகவே நீதிபதி எடுத்துக்கொண்டார்.

மறுநாள், அக்டோபர் 20, வாட்டர்கேட் விசாரணை வழக்கறிஞரை அதிபர் நிக்சன் நீக்கிய சனிக்கிழமை. பத்திரிகைகளின் முதல் பக்கம் முழுதும் அதற்கே போயிற்று. நூற்றாண்டின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று யாருக்கும் சொந்தமில்லை என்ற செய்தி அந்த இரைச்சலில் அமுங்கிப்போனது. ஸ்பெரி மேல்முறையீடு செய்யவில்லை. மாக்லி தரப்பின் ஆதரவாளர்கள் தீர்ப்பை ஏற்கவில்லை. ஓடாமல் நிலவறையில் நின்ற கருவியோடு எனியாக்கை ஒப்பிடுவதா என்று அவர்கள் கேட்டார்கள். அந்தச் சண்டை புத்தகங்களில் தொடர்ந்தது.

கணினியின் உள்ளே இருக்கும் பொருள்களின் கதை இவ்வளவு கசப்பானதல்ல. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த பெல் ஆய்வகத்தின் தாய்க் கம்பெனி, 1956இல் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட சமரசத்தின்படி தன் பழைய காப்புரிமைகளை ராயல்டி இல்லாமல் திறந்துவிட வேண்டியதாயிற்று. 1959இல் ஜாக் கில்பி பிப்ரவரியிலும் ராபர்ட் நாய்ஸ் ஜூலையிலும் தனித்தனியே சில்லுக்கு விண்ணப்பித்தார்கள். பின்னால் வந்த நாய்ஸுக்குத்தான் 1961இல் முதலில் காப்புரிமை கிடைத்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இருவரின் கம்பெனிகளும் 1966இல் கைகுலுக்கி, ஒருவர் நிலத்தில் மற்றவர் நடக்க ஒப்புக்கொண்டன.

கயிறு இழுத்தவர்

இந்தியர்கள் இந்த ஆட்டத்துக்குள் வந்த கதையில் ஒரு தயக்கம் தெரிகிறது. 1901 மே மாதம் லண்டனில் இருந்த ஜகதீஷ் சந்திர போஸிடம் ஒரு தந்திக் கம்பெனி முதலாளி, காப்புரிமை எடுத்து லாபத்தைப் பங்கிடலாம் என்று ஆசை காட்டினார். அந்த மனிதரின் பணப் பசி தன்னைத் திகைக்கவைத்ததாக போஸ் தாகூருக்குக் கடிதம் எழுதினார். ஆனால் சகோதரி நிவேதிதாவும் அமெரிக்கத் தோழி சாரா புல்லும் விடவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் விண்ணப்பம் போயிற்று. 1904 மார்ச் 29இல் மின்னலைகளைக் கண்டறியும் கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கலீனாப் படிகத்தைக் கொண்ட கருவி. குறைக்கடத்திச் சாதனங்களின் மூதாதை. அதைக் கொண்டு காசு பண்ண போஸ் முனையவில்லை.

நாட்டுக்குள் 1911ஆம் ஆண்டின் காலனியச் சட்டமே சுதந்திரத்துக்குப் பிறகும் நீடித்தது. அதைத் தோண்டிப் பார்க்கும் வேலை 1957இல் நீதிபதி என். ராஜகோபால அய்யங்காரிடம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர். பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். 1959இல் அவர் கொடுத்த அறிக்கை சொன்ன கணக்கு கூர்மையானது: இந்தியாவில் உள்ள காப்புரிமைகளில் பத்துக்கு எட்டு ஒன்பது வெளிநாட்டார் கையில், அவற்றில் பெரும்பாலானவை இங்கே உற்பத்திக்கே வரவில்லை. உழாமல் வேலி மட்டும் போட்டு வைத்த நிலம். அந்த அறிக்கையிலிருந்து 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் பிறந்து, 1972 ஏப்ரல் 20இல் நடைமுறைக்கு வந்தது.

எங்கே வேலி போடக்கூடாது என்றும் அந்தச் சட்டம் சொன்னது. அதன் 4ஆம் பிரிவு அணுசக்திக் கண்டுபிடிப்புகளை விலக்கியது. 2002 திருத்தத்தில் 3ஆம் பிரிவின் கே உட்பிரிவு வந்தது: கணித முறை, வியாபார முறை, அல்கோரிதம், வெறும் கணினி நிரல் ஆகியவை கண்டுபிடிப்பு ஆகா. 2004 இறுதியில் ஓர் அவசரச் சட்டம் மென்பொருளுக்குக் கதவைச் சற்றுத் திறந்துவிட்டது. 2005இல் நாடாளுமன்றம் அந்தத் திறப்பை ஏற்காமல் பழைய வாசகத்தையே வைத்துக்கொண்டது. ‘வெறும்’ என்ற அந்த ஒரு சொல்லின் எல்லை எதுவரை என்பதை வைத்து வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். 1795இல் வாட்டின் ‘முறை’யை வைத்து நடந்த அதே வாதம்.

டிபென்னிங்குக்குப் பிறகும் பங்கா இழுக்கும் எந்திரங்களோடு பலர் காப்புரிமை கேட்டு வந்தார்கள். வராந்தாவில் ஆள் உட்கார்ந்துகொண்டேதான் இருந்தார். கார்ன்வாலில் நிலக்கரி விலை அதிகம், எனவே வாட் எந்திரம் விற்றது. இந்தியாவில் ஆளின் கூலி சொற்பம், எந்திரத்துக்குக் காசு கொடுக்க யாருக்கு அவசியம்? 1899 ஏப்ரல் 17இல் கல்கத்தாவில் இமாம்பாக் லேன் மின்நிலையம் ஓடத் தொடங்கி, மின்விசிறி வந்த பிறகும் கயிறு உடனே அறுந்துவிடவில்லை. இ.எம். ஃபார்ஸ்டரின் ‘எ பேசேஜ் டு இந்தியா’ நாவல் 1924இல் வெளியானது. அதன் நீதிமன்றக் காட்சியில், வழக்கு என்னவென்றே தெரியாமல் ஒருவர் பங்கா இழுத்துக்கொண்டிருக்கிறார். வழக்கு கலைந்து எல்லோரும் போன பிறகும் இழுத்துக்கொண்டிருக்கிறார்.